கிளியும் தீப்பெட்டியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியைப் பார்க்காதவர் நம் குடியிருப்பில் இருக்க மாட்டார்கள். அதைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். எதை வைத்துக் கட்டுகிறார்கள் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்போம். மூக்குக்கு மாதுளம் பூ. உடம்புக்கு மரவள்ளி இலை. இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும். வாலுக்கு வெள்ளை அரளி, செவ்வரளி மொட்டு. கண்ணுக்குக் காக்காப்பொன். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழை நார். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வரும் குடும்பத்தாருக்கே ஒரு கிளி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இத்தனை பாடுபட்டுச் செய்த கிளிக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் வேறு கிளி.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை வீட்டில் வைத்து என்னென்ன கைவேலை செய்யலாம், செல்போனில் பார்க்கத் தகுந்தவை எவை என்று எழுதித் தாருங்கள் என நம் சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். எனக்கு அந்த மாதிரி பட்டியல் போட வராது. ஆனால் வீட்டில் பிள்ளைகள் செய்த கைவேலை என்றால் நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. எல்லாம் கிளி மாதிரி அழகான கதையல்ல.

நம் வயதுக்காரர்களுக்கு நுங்கு வண்டியும் பூவரசு இலைப் பீப்பியும் தென்னை ஓலைக் கைக்கடிகாரமும் நினைவிருக்கும். அவற்றை யாரும் கற்றுத் தரவில்லை, யாரும் கூலியும் தரவில்லை. அதே நாட்களில் தறி ஓடும் வீடுகளில் தார் சுற்றியதும் பிள்ளைகள்தான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்த வீடுகளுக்குப் போய் வந்தவர்களுக்கு அது தெரியும். பள்ளி விட்டு வந்து அரை மணி நேரம் சுற்றினால் உதவி. பள்ளிக்கே போகாமல் சுற்றினால் அதற்குப் பெயர் வேறு. இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது எப்படி என்பதில்தான் நம் ஊர் சரித்திரம் சிக்கிக்கொண்டு கிடந்தது.

சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை குறைந்த கரிசல் காட்டில் அது பெரிய வாழ்வாதாரம் ஆயிற்று. அதை மறுப்பது நன்றி கெட்ட பேச்சு. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குவதும் மருந்து முக்குவதும் நடக்கும். பெட்டி ஒட்டுகிற வேலை மட்டும் வீடு தேடி வரும். மெல்லிய மரச் சீவலை மடித்து, தாள் சுற்றி, பசை தடவி, அடிப்பெட்டி தனி, மேல்பெட்டி தனி என்று ஒட்ட வேண்டும். கணக்கு குரோஸில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி.

நான் பி.காம். படித்தபோது காஸ்ட் அக்கவுண்டிங்கில் பீஸ் ரேட் கூலி என்று ஒரு பாடம் இருந்தது. எவ்வளவு உருப்படியோ அவ்வளவு கூலி, நேரம் கணக்கில்லை. பரீட்சைக்கு எளிதான பாடம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது இந்த வட்டாரக் கிளை ஒன்றில் கவுண்டரில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. பணம் போட வரும் அம்மாக்களின் விரல் நகத்தில் காய்ந்த பசை இருக்கும். கூட வரும் பிள்ளையின் விரலிலும் இருக்கும். கூலி அம்மா பெயரில் வரும். பிள்ளை உட்கார்ந்த மணி நேரம் எந்த ஏட்டிலும் ஏறாது. ஏட்டில் ஏறாத செலவை யாரும் செலவாக நினைப்பதில்லை.

வீட்டுத் தொழிலையும் பள்ளிக்கூடத்தையும் ஒன்றாகக் கட்டிப் பார்த்த முயற்சியும் ஒன்று உண்டு. இதைச் சொன்னால் நம் வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் சண்டை வரும், ஆனாலும் நம் இரண்டு ஊரும் அதில் வருவதால் சொல்லாமல் விட முடியவில்லை. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். 1952 தேர்தலில் அவர் தோற்றார். ராஜாஜி முதல்வரானார். 1953-ல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பள்ளியில் தினம் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். பள்ளிகள் போதாது, ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிப்ட் நடத்தலாம் என்பது அவர் பக்க நியாயம். தச்சன் பிள்ளை தச்சனாகவே இருந்துவிடு என்பதுதானே இது என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். குலக்கல்வி என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் மக்களவை உறுப்பினர் யார் தெரியுமா? காமராஜர். 1952-ல் இங்கேதான் ஜெயித்தார். 1954-ல் அவர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு மதிய உணவு வந்தது. பிள்ளையின் அரை நாளைத் தொழிலுக்குக் கொடுப்பதா, முழு நாளையும் பள்ளிக்குக் கொடுத்து மதியம் சோறும் போடுவதா என்ற கேள்விக்கு விருதுநகர்க்காரர் சொன்ன பதில் அது. என் பார்வையில் அவர் சொன்னதே சரி. கைத்தொழில் மட்டம் என்று நான் நினைக்கவில்லை. எந்தக் கைத்தொழில் என்று பிள்ளை தேர்ந்தெடுக்க வழியில்லாமல் போவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் பதில் சொன்ன மாவட்டத்திலேயே கேள்வி தீரவில்லை. 1983-ல் ஸ்மிது கோத்தாரி என்பவர் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். விடியுமுன் கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும் பேருந்துகளை நாடே அறிந்தது. 1990-ல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படம் எடுத்தார். நடுவில் 1986-ல் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் வைக்கக் கூடாது என்றது. ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது. ஒருவர் தம் குடும்பத்தார் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு இந்தத் தடை கிடையாது. ஆபீஸ் வாசலை அடைத்துவிட்டு வீட்டு வாசலைத் திறந்து வைத்தது போலத்தான். 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளைச் சட்டத்தை மீறி வைத்திருந்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தப் பிள்ளையின் நலனுக்குப் போக வேண்டும் என்றது. 2016 திருத்தத்தில்தான் கோடு கொஞ்சம் தெளிவாயிற்று: குடும்பத்துக்குப் பிள்ளை உதவலாம், ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோதான், ஆபத்தான வேலையாகவும் இருக்கக் கூடாது.

இதற்குள் இயந்திரமும் அட்டைப் பெட்டியும் வந்து, வீட்டில் பெட்டி ஒட்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை. கைக்கு வேலையே இல்லை. கட்டைவிரல் மட்டும் செல்போனில் ஓடுகிறது. சிலர் வீட்டில் பாட்டு, ஸ்கேட்டிங், அபாகஸ் என்று விடுமுறையையும் ஷிப்ட் போட்டு ஓட்டுகிறார்கள். அதற்கும் எனக்குப் பழைய பீஸ் ரேட் ஞாபகம்தான் வருகிறது.

இங்கே ஒருவரைச் சொல்ல வேண்டும். அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினியர். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு 1978-ல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். கிராமத்துப் பிள்ளைக்கு மலிவாக எது கிடைக்கும் என்று தேடியபோது அவர் கையில் எடுத்தது தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும். தீக்குச்சி மாதிரிகளே அவருடைய முதல் புத்தகம் ஆயிற்று. 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய இணையதளத்தில் குப்பையிலிருந்து செய்யும் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. தீக்குச்சியை விளையாட்டுப் பொருளாகப் பிள்ளைகள் கையில் அவர் கொடுத்ததைப் படித்தபோது, அந்த நகத்துப் பசைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

கதைக்கு, பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய. படிக்கலாம், இறக்கி அச்சடிக்கலாம், பிள்ளையே அங்குள்ள படங்களை வைத்துப் புதுக்கதையும் எழுதலாம். பழைய நூல்களும் இதழ்களும் வேண்டுமென்றால் தமிழ் மின்நூலகம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை மட்டும் தேடிப் படிக்க வையுங்கள். அவர் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதை எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் சொல்லிக்கொள்வோம்.

தீக்குச்சி வேலை செய்பவர்களுக்கு: மருந்து இல்லாத குச்சி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பெரியவர்கள் தலையைத் தண்ணீரில் ஊறவைத்து மருந்தைத் துடைத்து எடுத்து, காயவைத்துக் கொடுங்கள். வால்வ் டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். நாலு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்தினால் அசையாது. ரயில் பாலத்திலும் மில் கூரையிலும் முக்கோணம் முக்கோணமாக இரும்பு போட்டிருப்பது ஏன் என்று பிள்ளையே கேட்கும். மூட்டின் நடுவில் முள்ளால் துளைபோட்டு இன்னொரு குச்சியைச் செருகினால், ஆறு குச்சியில் நாலு முகம் உள்ள கூம்பு நிற்கும். டியூப் சைக்கிள் கடையில் கிடைக்கும். சங்க அறை அலமாரியில் கொஞ்சம் வெட்டி வைத்திருக்கிறேன், சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. கிளி கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நந்தியாவட்டை பின்பக்கச் சுவரோரம் நிற்கிறது. பூவைப் பறித்தால் இரண்டாம் மாடி மாமி சத்தம் போடுவார், இலைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்.