ஆங்கிலத்தில் நிபந்தனை வாக்கியங்கள்

ஒன்று நடந்தால் இன்னொன்று நடக்கும் என்று சொல்லும் ஆங்கில வாக்கியங்களை நிபந்தனை வாக்கியங்கள் என்பர். பெரும்பாலும் ‘இஃப்’ என்று தொடங்கும் துணைவாக்கியமும் ஒரு முதன்மை வாக்கியமும் இவற்றில் இருக்கும். இஃப் பகுதி முன்னால் வந்தால் அதையடுத்துக் கமா இடுவது வழக்கம். பின்னால் வந்தால் பொதுவாகத் தேவையில்லை.

பாடநூல்கள் இவற்றைப் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை எண்ணிட்டுப் பிரிக்கின்றன. ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்’ போல என்றும் மாறாத உண்மையைச் சொல்வது பூஜ்ஜிய வகை. ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, வீ வில் ஸ்டே ஹோம்’ என்பது முதல் வகை. நாளைய மழையைப் பற்றிய பேச்சுதான். ஆனாலும் இஃப் பகுதியில் நிகழ்கால வினையே வரும், ‘இஃப் இட் வில் ரெயின்’ என்பது பிழை. ஒருவரின் இசைவைக் கேட்பது போன்ற சில இடங்களில் ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’ என்று ‘வில்’ வரலாம்.

சிக்கல் இரண்டாம் வகையில்தான். ‘என்னிடம் பணம் இருந்தால் தருவேன்’ என்று தமிழில், பையைத் துழாவிக்கொண்டே ஒருவர் சொல்லலாம். காலணாகூட இல்லாதவரும் சொல்லலாம். ஆங்கிலத்தில் முன்னவர் ‘இஃப் ஐ ஹேவ்... ஐ வில்’ என்பார், பின்னவர் ‘இஃப் ஐ ஹேட்... ஐ வுட்’ என்பார். இங்கே ‘ஹேட்’ நேற்றைக் குறிக்கவில்லை. சொல்வது உண்மையிலிருந்து தள்ளி நிற்பதைக் குறிக்கிறது. ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதும் அப்படித்தான். நடந்து முடிந்ததையே மாற்றி நினைக்கும்போது வினை இன்னும் ஒரு படி பின்னால் போகும்: ‘இஃப் ஷீ ஹேட் லெஃப்ட் ஏர்லியர், ஷீ வுட் ஹேவ் காட் த டிரெயின்’. அவள் முன்னதாகக் கிளம்பவில்லை, ரயிலும் போய்விட்டது. இதுவே மூன்றாம் வகை.

இரண்டும் மூன்றும் ஒரே தர்க்கம் என்பதை இந்த எண்கள் மறைத்துவிடுகின்றன. நேற்றைய காரணத்தையும் இன்றைய விளைவையும் இணைக்கும் கலப்பு வாக்கியத்துக்கு எண்ணே கிடையாது. ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கண நூலில், நடக்கக்கூடியது, எட்ட நிற்பது என்ற இரண்டே அடிப்படைப் பிரிவுகள். பயில்வோருக்கு இது எவ்வளவோ தேவலை.

எழுத்து நடையில் ‘இஃப்’ இல்லாமலும் நிபந்தனை வரும்: ‘ஹேட் ஐ நோன்’, ‘ஷுட் யூ நீட் ஹெல்ப்’. ‘இஃப்’ இருந்தும் நிபந்தனை இல்லாத வாக்கியங்களும் உண்டு. பசித்தால் அலமாரியில் பிஸ்கட் இருக்கிறது என்கிறோம். பசிக்காவிட்டாலும் பிஸ்கட் அங்கேதான் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1956இல் ஆற்றிய உரையில் இத்தகைய வாக்கியத்தைச் சுட்டிக்காட்டினார். மொழியியலில் இதற்கு ‘பிஸ்கட் கண்டிஷனல்’ என்றே பெயர்.