குடியிருப்புப் பகுதித் திட்டங்களின் சார்பற்ற ஆய்வு (இங்கிலாந்து)

இங்கிலாந்தில் ஓர் ஊரார் தம் பகுதியில் வீடுகள் எங்கே, எவ்வாறு கட்டப்பட வேண்டும் என்று தாமே வகுக்கும் திட்டம் சட்ட வலிமை பெறுவதற்கு முன் கடக்க வேண்டிய கட்டமே சார்பற்ற ஆய்வு ஆகும். 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சி அதிகாரச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. திட்டத்தைப் பெரும்பாலும் பாரிஷ் மன்றம் (ஏறக்குறைய நம் கிராம ஊராட்சி போன்றது) தயாரிக்கிறது.

ஆய்வாளரை உள்ளூர்த் திட்ட ஆணையம் நியமிக்கிறது. ஆனால் ஊர் மன்றத்தின் இசைவு வேண்டும். அவருக்கு அப்பகுதி நிலத்தில் எந்த நலனும் இருக்கக் கூடாது. பெரும்பாலும் எழுத்து வழிக் கருத்துகளைக் கொண்டே ஆய்வு நடக்கும். திட்டம் சிறந்ததா என்று அவர் மதிப்பெண் போடுவதில்லை. தேசியக் கொள்கையைக் கருத்தில் கொண்டுள்ளதா, நீடித்த வளர்ச்சிக்கு உதவுகிறதா, மாவட்டத் திட்டத்தின் முதன்மைக் கொள்கைகளோடு பொதுவாக ஒத்துப்போகிறதா என்பன போன்ற அடிப்படை நிபந்தனைகளையே பார்க்கிறார். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பின்னர் திட்டத்தை அப்படியே அல்லது திருத்தங்களுடன் பொதுவாக்கெடுப்புக்கு அனுப்பலாம் என்றோ, அனுப்ப வேண்டாம் என்றோ பரிந்துரைப்பார்.

கம்பிரியாவின் அப்பர் ஈடன் பகுதித் திட்டமே முதன்முதலில் வாக்கெடுப்பில் வென்றது. 2013 மார்ச் 7 அன்று வாக்களித்தோரில் சுமார் 90 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர். அதே ஆண்டு அக்டோபரில் செஷயரின் டாட்டன்ஹால் ஊரில் ஆதரவு 96 விழுக்காடு. ஊரை ஒட்டி எழும் புதிய குடியிருப்பு ஒவ்வொன்றும் 30 வீடுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கு இது உவப்பாக இல்லை. அவை வழக்குத் தொடுத்தன. ஆய்வாளரின் நடுநிலை மீதே ஐயம் எழுப்பின. 2014இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

எல்லா ஊர்களுக்கும் இந்த வெற்றி வாய்க்கவில்லை. சசெக்ஸின் ஸ்லாஃபம் பாரிஷ் அரும்பாடுபட்டு உருவாக்கிய திட்டத்தை வாக்கெடுப்புக்கு அனுப்ப வேண்டாம் என 2014 தொடக்கத்தில் ஆய்வாளர் பரிந்துரைத்தார். சுற்றுச்சூழல் மதிப்பீடு போதாது, வீட்டு எண்ணிக்கைக்குச் சான்று வலுவாக இல்லை என்பன காரணங்கள். ஊரின் விருப்பம் மட்டும் போதவில்லை. மன்றத்தினர் மீண்டும் தொடக்கத்திலிருந்து உழைத்தனர். அவர்களுடைய திட்டம் நடைமுறைக்கு வந்தது 2019இல்தான்.