குண்டின் இருப்பும் குறியின் துல்லியமும்: திருகோணமலைப் பீரங்கிகளின் வழியே

சுடுகருவியின் குழலுக்குள் குண்டு எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேராக அமர்கிறது என்பதைக் குண்டின் இருப்பு எனலாம். தங்கள் தோட்டாக்களைத் தாங்களே கட்டிக்கொள்ளும் துப்பாக்கிக்காரர்கள் இதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் அளக்கிறார்கள். அதனால் இது அண்மைக்காலப் பொழுதுபோக்கு ஒன்றின் நுணுக்கம் என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இந்தச் சிக்கல் பீரங்கி அளவுக்குப் பழையது. போர்த்துக்கேயர் காலம் முதல் பிரித்தானியர் காலம் வரை பீரங்கி காத்த திருகோணமலைத் துறைமுகத்தை வைத்து அதன் வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பார்க்க முடியும். அந்த வரலாறு காட்டுவது ஒன்று: துல்லியத்தைத் தருவது ஏதோ ஒரு மந்திர ஆழம் அன்று; ஒவ்வொரு குண்டும் முந்தைய குண்டு அமர்ந்த அதே இடத்தில், அதே இறுக்கத்தில் அமர்வதுதான்.

திருகோணமலையின் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1620களில் அங்கே கோட்டை எழுப்பினர். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. உள்துறைமுகத்தின் வாயிலைப் பார்த்திருக்கும் ஒஸ்டன்பர்க் கோட்டை ஒல்லாந்தருடையது. 1782 ஜனவரியில் பிரித்தானியர் இவ்விடங்களைப் பிடித்தனர்; அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் அவற்றைப் பறித்தார்; 1795 ஆகஸ்டில் பிரித்தானியர் மீண்டும் கைப்பற்றினர். இத்தனை கைமாற்றங்களின் போதும் முழங்கியவை உட்புறம் வழுவழுப்பான, வாய்வழி கெட்டிக்கும் பீரங்கிகள். அவற்றில் இரும்புக் குண்டு குழலைவிடச் சிறியதாகவே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கரி படிந்த குழலுக்குள் இறங்காது. பிரித்தானியர் வழக்கில் குழலின் விட்டம் 21 பங்கு என்றால் குண்டு 20 பங்கு. 24 இறாத்தல் பீரங்கியில் இந்த இடைவெளி கால் அங்குலத்தைத் தாண்டும். அந்த இடைவெளி வழியே வாயு கசிந்தது. குண்டோ குழலின் சுவரில் மாறி மாறி மோதி, கடைசியாக எந்தப் பக்கம் பட்டதோ அதற்கேற்ற திசையில் வெளியேறியது. அந்தக் காலத்துக் குண்டுக்கு நிலையான இருப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து, இங்கிலாந்தின் வுல்விச்சில் சார்லஸ் ஹட்டன் செய்த சோதனைகள் இந்த இடைவெளி எவ்வளவு வலிமையை விழுங்குகிறது என்பதை எண்களில் காட்டின.

உட்சுவரில் சுழல் பள்ளங்களாகப் புரி வெட்டிய குழல்கள் 19ஆம் நூற்றாண்டில் வந்தபோதும் சிக்கல் உடனே தீரவில்லை. பிரித்தானியரின் வாய்வழிப் புரிப் பீரங்கிகளில் குண்டின் பக்கத்தில் பதித்த குமிழ்கள் புரியில் ஓடின. சுற்றிலும் இடைவெளி அப்படியே இருந்தது. 1880களில் பின்வாய்வழிப் பீரங்கி நிலைபெற்று, குண்டின் அடிப்பக்கத்தில் செப்பு வளையம் வந்த பிறகே உண்மையான மாற்றம் நேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிரித்தானியக் கடற்கரைக் காவலில் முதன்மையானவை 6 அங்குல, 9.2 அங்குலப் பீரங்கிகள். முன்னதன் குண்டு 100 இறாத்தல், பின்னதன் குண்டு 380 இறாத்தல். குண்டைக் கோலால் ஓங்கித் தள்ளினால், புரி தொடங்கும் சரிவில் செப்பு வளையம் கடித்து நிற்கும். அதன் பின்னால் மிஞ்சும் இடமே வெடிமருந்து எரியும் அறை. தள்ளியது மெத்தனமாக இருந்தால் வளையம் சரியாகக் கடிக்காது. குழலை மேலே உயர்த்தும்போது குண்டு பின்னோக்கி நழுவவும் கூடும். அப்போது வாயு கசியும், அழுத்தம் மாறும், குண்டு புறப்படும் வேகமும் மாறும். வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு பிசகினால் பத்தாயிரம் கெஜத் தொலைவில் வீழிடம் ஏறத்தாழ நூறு கெஜம் விலகும். ஒரு கப்பல் தப்புவதற்கு அது தாராளம். அதனால்தான் ஒவ்வொரு குண்டையும் ஒரே வலுவோடு தள்ளும்படி பீரங்கிக் குழுக்களைத் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள்.

குண்டின் இருப்புக்கு இத்தனை முக்கியத்துவம் தருவதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. காற்று, கப்பலின் ஓட்டம், தொலைவு அளப்பதில் வரும் பிழை ஆகியவை குண்டின் இருப்பைவிடப் பெரிய பிழைகள் அல்லவா? அளவில் பெரியவைதான். ஆனால் அவை ஒரு தொடர் வெடிகளை ஒரே பக்கமாகத் தள்ளுபவை. வீழிடத்தைப் பார்த்துக் குறியைத் திருத்தலாம். இருப்பின் பிசகு வெடிக்கு வெடி மாறுவதால் திருத்துவதற்குப் பிடிமானமே தராது. திருத்த முயல்பவரையே ஏமாற்றும். குழலின் தேய்மானமே முதன்மைக் காரணம் என்பது இன்னொரு வாதம். தேய்மானம் முதலில் தாக்குவது புரி தொடங்கும் சரிவைத்தான். அது அரிக்கப்பட அரிக்கப்படக் குண்டு மேலும் முன்னே போய் அமர்கிறது, அறை பெரிதாகிறது, வேகம் குறைகிறது. ஆக, தேய்மானம் குண்டின் இருப்பை மெல்ல மெல்ல மாற்றும் ஒரு வழி. அது ஒழுங்காக நிகழ்வதால்தான் தேய்வை அளந்து குறியில் கணக்கிட முடிந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருகோணமலையை வானிலிருந்து தாக்கினார்கள்; கரையை நெருங்கிய பகைக்கப்பல் எதுவும் இல்லாததால் அங்கிருந்த கரைப் பீரங்கிகள் போரில் சோதிக்கப்படவே இல்லை என்றும் சொல்லலாம். உண்மை. ஆனால் இருப்புக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டது சோதனைத் திடல்களில்; போர்க்களத்துச் சான்று அதற்குத் தேவையில்லை.

துப்பாக்கியில் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. 1910இல் ஏற்கப்பட்ட பிரித்தானிய .303 ஏழாம் வகைத் தோட்டாவில் ரவை, அதாவது துப்பாக்கிக் குண்டு, அமரும் ஆழம் ஆலையிலேயே முடிவாகிவிட்டது. எல்லாத் துப்பாக்கிகளிலும் நுழைய வேண்டும் என்பதால் ரவைக்கும் புரிக்கும் நடுவே சிறு இடைவெளி விடப்பட்டது. கையால் கட்டுபவர் அந்த இடைவெளியைத் தன் துப்பாக்கிக்கேற்ப மாற்றுகிறார். மாற்றம் இருபக்கமும் அபாயமுள்ளது: ரவையை ஆழமாக இறக்கினால் மருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் ஏறலாம், புரியை முட்டுமளவு முன்னே வைத்தாலும் தொடக்க அழுத்தம் ஏறும். ஆழம் மட்டும் போதாது என்பதை அமெரிக்கரான ஃபிராங்க்ளின் மான் பல்லாண்டுச் சோதனைகளுக்குப் பின் 1909இல் விளக்கினார்: ரவை சாய்ந்து புரிக்குள் நுழைந்தாலோ, அதன் அடிப்பகுதி பழுதாக இருந்தாலோ குறி சிதறுகிறது. ஒரு துப்பாக்கிக்குச் சிறந்த ஆழம் அடுத்த துப்பாக்கிக்குப் பொருந்தாமல் போவதும், சுடச் சுடப் புரி தொடங்கும் தொண்டைப்பகுதி தேய்வதால் அதே துப்பாக்கிக்கே அந்த அளவு பழசாகிப்போவதும் சுடுநர்கள் நன்கறிந்தவை. ஆகவே கவனமுள்ளவர்கள் பழைய குறிப்பேட்டு எண்ணை நம்பாமல் புரி தொடங்கும் இடத்தை அவ்வப்போது புதிதாக அளக்கிறார்கள்.