செக்ரோலில் ஒரு பெயர்

மலையகத் தோட்டப் பெண்களின் எழுத்தறிவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், “அவர்களுக்கு அதில் ஆர்வம் இல்லை” என்று சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற காலங்களில் நானும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை மலையெங்கும் பரவியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. ஆயினும் “வந்து போகிறவர்கள்” என்ற பழைய பெயர் மட்டும் அவர்களை விடவில்லை.

வந்து போகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் துரைமார் மீது சுமத்தியது. நடைமுறையில் கிடைத்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகளே. பெண் பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றாள். சற்று வளர்ந்ததும் மலைக்குச் சென்றாள். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான்.

எழுத்து அறியாத இம்மக்களை எழுத்தே ஆண்டது என்பதுதான் இவ்வரலாற்றின் கொடுமை. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்போம் என்று எழுதிய “துண்டு” அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது; 1921இல் அது தடைசெய்யப்பட்டது. செக்ரோலில் முழுப் பேரா அரைப் பேரா என்பதைக் கணக்கப்பிள்ளையின் பேனா முடிவு செய்தது. பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ வாங்கிச் செல்வது வெகுகாலம் வழக்கமாக இருந்தது.

இதனை உணர்ந்து செயல்பட்டவர்கள் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும். 1931இல் தொழிற்சங்கம் கண்ட நடேசய்யர் பத்திரிகையும் நடத்தினார். தொழிலாளரில் பெரும்பாலோர் படிக்க இயலாதவர் என்பதால், அம்மையார் பாடல்களை இயற்றி அச்சிட்டதோடு நில்லாமல் கூட்டங்களில் தாமே பாடினார். படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் பிரசுரம் இருந்தால், லயம் முழுவதும் அதைக் கேட்கும்.

எழுத்தறியாமையின் விலை 1948க்குப் பின்னர் தெரிந்தது. குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. தொடர்ச்சியாக வசித்ததைக் காகிதத்தால் நிறுவ வேண்டும் என்பது நிபந்தனை. “வந்து போகிறவர்கள்” என்ற அதே பழைய பெயரைப் பொய்யென்று நிரூபிக்கும் சுமை, பிறப்புப் பத்திரம்கூட இல்லாதவர் தலையில் விழுந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவா இலங்கையா என்பதும் ஒரு விண்ணப்பத்தில்தான் தீர்ந்தது. தன் வாழ்நாளை மாற்றப்போகும் அந்தத் தாளைப் படிக்க முடியாமலே கைநாட்டு வைத்த பெண்கள் பலர். நாடற்ற நிலையை முற்றாக நீக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

1984இல் தோட்டப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. அது சரியாக வந்து சேருகிறதா என்று அறியச் சம்பளச் சீட்டைப் படிக்க வேண்டும். நான் பார்த்த சீட்டுகள் பலவும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே தமிழ் அரிச்சுவடி மட்டும் போதாது; எத்தனை பேர் விழுந்தது, எத்தனை கிலோ, எதற்காக எவ்வளவு பிடித்தம் என்பதே முதற்பாடமாக வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டும் பெண்ணை இரவு வகுப்புக்கு அழைத்துவிட்டு, அவள் வரவில்லை என்று குறை கூறுவது நியாயமன்று. வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, வாரத்துக்குச் சில மணி நேரம் கொடுத்துப் பார்க்கட்டும். ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.