தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை

அழகான சாலையில் காரில் போகிறவனுக்குச் சரித்திரம் தெரியாமல் இருப்பது ஒரு சௌகரியம். எனக்கு அந்தச் சௌகரியம் மன்னார்த் தீவைத் தாண்டும் வரைக்கும்தான் நீடித்தது.

தலைமன்னாரில் பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த எலும்புக்கூடு கடலுக்குள் நீட்டிக் கொண்டிருந்தது. தெருவில் கழுதைகள் யாரையும் லட்சியம் செய்யாமல் நின்றன. தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்தில் இரண்டு பக்கமும் நீர். "ஆஹா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வண்டி ஓட்டியவர் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். "எங்க வம்சத்துல முதல் ஆள் நடந்து வந்த ரோட்டுங்க ஐயா, இது" என்றார். அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு சாலை.

1820-களில் தொடங்கிக் கண்டி மலைகளில் காப்பி பயிரிட்ட வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் பசி இருந்தது. போதாதா? கங்காணி முன்னே, ஜனங்கள் பின்னே. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுத் தடத்தில் நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று நான் சில மணி நேரத்தில் தாண்டிய ஊர்களுக்கு அவர்கள் நாள் கணக்கில் நடந்தார்கள். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. காய்ச்சலும் வாந்திபேதியும் கூடவே நடந்தன. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போனார்கள். விழுந்தவர் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

கடனை மட்டும் ஒழுங்காக எழுதி வைத்தார்கள்! தோணிக் கூலி, வழிச் சோறு எல்லாமே தொழிலாளியின் கணக்கில் ஏறின. அந்தப் பாக்கியைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கட்டுகிறவர் அடுத்த தோட்டத்துத் துரை. ஆக, கடன் தீரவில்லை, கை மாறியது. இந்தத் துண்டு 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது.

1869-ல் காப்பி இலையில் துருநோய் கண்டது. காப்பி போய்த் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலைக் கொழுந்தோ வருஷம் முழுவதும் துளிர்க்கும். வந்தவர்கள் மலையிலேயே தங்கிப் போனார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இரு பிரதம மந்திரிகள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாமாம். மூட்டைகளைக்கூட இன்னும் கவனமாக எண்ணுவார்கள்.

தம்புள்ளைக்கு அப்பால் காற்று குளிர்ந்தது. மிளகுக் கொடிகளும் மலைச் சரிவுகளும் வந்தன. 2023-ல், இருநூறு வருஷம் நிறைந்ததென்று, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். நம் சாரதியும் இரண்டு நாள் நடந்தாராம்.

"கால் வலிக்கவில்லையா, தம்பி?"

"வலிச்சதுங்க. ராவுல படுக்க இடம் இருந்துச்சு, சோறும் இருந்துச்சு. அவங்களுக்கு அது இல்லீங்களே."

மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் வாசலில் வண்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றினார். அந்த முதல் ஆளின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"பேரு தெரியாதுங்க ஐயா. சிவகங்கைப் பக்கம்னு அப்பா சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு, சூடம் வாங்கப் போனார்.