வேலிக்கம்பிவழி மின்வழங்கல்

வேலிக்கம்பிவழி மின்வழங்கல் என்பது பண்ணை அல்லது தோட்டத்தைச் சுற்றியுள்ள எஃகு வேலிக் கம்பிகளையே கடத்திகளாகப் பயன்படுத்தி, தொலைவில் உள்ள சிறு கருவிகளுக்குக் குறைந்த மின்னழுத்தத்தில் மின்திறனை அனுப்பும் முறையாகும். வாயில் உணரி, நீர்த்தொட்டி மட்டங்காட்டி, சிறு விளக்கு போன்றவற்றை இவ்வாறு இயக்கலாம். தனியாகக் கம்பி இழுக்கத் தேவையில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் அனுப்பக்கூடிய திறனை எஃகின் மின்தடையும், பயன்படுத்தக்கூடிய மின்னழுத்தத்தை உயிர்ப் பாதுகாப்பும் வரையறுக்கின்றன.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் வகைப்பாட்டில் 1000 வோல்ட்டு வரையான மாறுமின்னோட்டம் "தாழ் மின்னழுத்தம்" எனப்படும். வீடுகளுக்கு வரும் 230 வோல்ட்டும் இதில் அடங்கும். இக்கட்டுரை அதனைக் குறிப்பதன்று. இங்கு பேசப்படுவது மின்கலங்களிலிருந்து பெறப்படும் 12 முதல் 48 வோல்ட்டு வரையான நேர்மின்னோட்டமாகும்.

== எஃகுக் கம்பியின் மின்தடை ==

எஃகின் தடைத்திறன் செம்பினதைப் போல் ஏறத்தாழ 10 மடங்காகும். 2.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3.5 ஓம், அதே விட்டமுள்ள வேலிக் கம்பிக்கு ஏறத்தாழ 35 ஓம். கம்பியின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு துருவைத் தடுக்கிறது. அது மிக மெல்லியதாதலால் கடத்துதிறனைப் பெரிதும் உயர்த்துவதில்லை.

மாறுமின்னோட்டம் செலுத்தப்பட்டால், எஃகின் காந்தத் தன்மை காரணமாக மின்னோட்டம் கம்பியின் புறப்பகுதியை நாடுகிறது. தூண்டல் மறுப்பும் சேர்ந்துகொள்கிறது. எனவே இப்பயன்பாட்டுக்கு நேர்மின்னோட்டமே ஏற்றது.

== எடுத்துக்காட்டு ==

மின்கலத்திலிருந்து 300 மீட்டர் தொலைவில் ஒரு கருவி உள்ளதெனக் கொள்வோம். செல்லும் கம்பி, மீளும் கம்பி இரண்டும் சேர்ந்து 600 மீட்டர். மொத்த மின்தடை 21 ஓம் ஆகும். கருவியின் மின்தடையும் 21 ஓமாக இருக்கும்போது அதற்குப் பெருமத் திறன் கிடைக்கும். அதன் அளவு, மின்னழுத்தத்தின் இருபடியைக் கம்பியின் மின்தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது:

* 12 வோல்ட்டு: 1.7 வாட்டு
* 24 வோல்ட்டு: 6.9 வாட்டு
* 48 வோல்ட்டு: 27.4 வாட்டு

இந்நிலையில் கருவி பெறும் அளவுக்குச் சமமான திறன் கம்பியில் வெப்பமாக வீணாகிறது. ஆகவே நடைமுறையில் இதைவிட மிகக் குறைவாகவே எடுக்கவேண்டும். 12 வோல்ட்டில் 1 வாட்டு எடுத்தால் கம்பியில் 0.2 வாட்டுக்குச் சற்று மேல் இழக்கப்படும். 48 வோல்ட்டில் 5 வாட்டு எடுத்தாலும் இழப்பு 0.25 வாட்டு மட்டுமே. மின்னழுத்தத்தை உயர்த்துவதன் பயன் இதிலிருந்து விளங்கும். நான்கு கம்பி வேலியில் இரண்டிரண்டாக இணைத்தால் மின்தடை பாதியாகும்.

கூடுதல் திறன் தேவைப்படும் கருவிக்கு, மறுமுனையில் ஒரு மின்கலத்தை வைத்து மெதுவாக மின்னேற்றலாம். 60 வாட்டு வாயில் இயக்கி 20 நொடி ஓடினால் செலவாகும் ஆற்றல் 0.33 வாட்டு-மணி. நாள் முழுதும் 1 வாட்டு வீதம் வந்து சேர்வது 24 வாட்டு-மணி. மின்னேற்ற இழப்பைக் கழித்தாலும் இது போதுமானது. இன்று இத்தகைய இடங்களில் சிறு சூரிய மின்தகடு பெரும்பாலும் எளிய மாற்றாக அமைகிறது.

== அமைப்பில் கவனிக்க வேண்டியவை ==

* முறுக்கி மட்டும் இணைத்த இணைப்புகள் துருப்பிடித்து மின்தடையை உயர்த்தும். இறுக்கிகளைக் கொண்டு இணைப்பது நல்லது.
* எஃகுத் தூண்கள் இரு கம்பிகளையும் குறுக்கிணைத்துவிடும். ஈரமான மரத்தூணும் புல்லும் மின்கசிவை உண்டாக்கும். எனவே காப்பிகள் தேவை.
* ஈரத்தில் மின்கசிவு ஏற்படும்போது நேர்முனைக் கம்பி மின்பகுப்பால் விரைவில் அரிக்கப்படும்.
* மின்கலத்தின் அருகே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பெருமின்னோட்டம் பாய்ந்து காய்ந்த புல் தீப்பற்றலாம். மின்கல முனையிலேயே ஓர் உருகி இருக்கவேண்டும். மேலே கூறிய 48 வோல்ட்டு அமைப்பில் கடைசி முனையில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பாய்வது 2.3 ஆம்பியர் மட்டுமே. ஆதலால் 1 ஆம்பியர் உருகி பொருத்தமானது.
* நிலத்தை மீள்பாதையாகக் கொள்வது பயன் தராது. நிலத்தில் அடித்த ஒரு கோலின் மின்தடையே பல பத்து ஓம் இருக்கக்கூடும்.

== வரலாறு ==

யோசேப்பு கிளிடனின் முள்கம்பிக்கு 1874-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. கிரகாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைகள் 1893, 1894 ஆண்டுகளில் காலாவதியான பின், அமெரிக்க மேற்குப் பகுதியின் பண்ணையாளர்கள் முள்வேலிகளையே தொலைபேசித் தடமாக்கினர். ஒவ்வொரு தொலைபேசியிலும் தனி மின்கலம் இருந்தது. வேலியில் சென்றது சிறிய பேச்சுக் குறிகையே. அதனால்தான் எஃகின் மின்தடையும் நில மீள்பாதையும் தடையாகவில்லை. மழைக்காலத்தில் மின்கசிவால் ஒலி மங்கியது.

நியூசிலாந்துப் பொறியாளர் இலாயிட் மண்டேனோ 1925-ஆம் ஆண்டளவில் ஒற்றைக்கம்பி நிலமீள் மின்வழங்கலை முன்வைத்தார். ஆத்திரேலியாவில் இம்முறை 19.1 கிலோவோல்ட்டில், எஃகுக் கம்பிகள்வழி பரவலாகப் பயன்படுகிறது. உயர் மின்னழுத்தத்தில் மின்னோட்டம் குறைவதால் எஃகும் நிலமும் போதுமானவையாகின்றன. ஆனால் அக்கம்பி உயரமான கம்பங்களில் செல்வது, வேலியில் அன்று.

== பாதுகாப்பு ==

இழப்பைக் குறைக்க மின்னழுத்தத்தை உயர்த்தவேண்டும் என்ற கணக்கை வீட்டு மின்சாரம் வரை நீட்டுவது உயிரைப் பறிக்கும். வேலி எவரும் தொடக்கூடிய, காப்புறையற்ற கம்பி. 230 வோல்ட்டு இணைக்கப்பட்ட வேலியைத் தொட்டவர் தசை இறுக்கத்தால் கையை விடுவிக்க முடியாமல் இறக்க நேரிடும். முறையான மின்வேலி பல ஆயிரம் வோல்ட்டு கொண்டிருந்தாலும், ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பையே அனுப்புகிறது. தொட்டவர் விலக இடைவெளி உண்டு. ஆகவே இவ்விரண்டும் ஒன்றல்ல. துடிப்புச் செல்லும் கம்பியில் மின்கல மின்வழங்கலை இணைக்கவும் கூடாது.

தமிழ்நாட்டில் பயிரைக் காக்க வேலிக்கு நேரடி மின்னிணைப்புக் கொடுப்பதால் மனிதரும் விலங்குகளும் இறந்துள்ளனர். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியால் மூன்று யானைகள் இறந்தன. மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் தமிழ்நாடு அரசு 2023-இல் விதிகளை வெளியிட்டது.

48 வோல்ட்டிலும் ஈரமான உடலுடன் தொடுவதைத் தவிர்க்கவேண்டும். மாடுகள் சில வோல்ட்டு மின்னழுத்தத்தையே உணர்வதால், கசிவுள்ள நீர்த்தொட்டியை அணுக மறுக்கக்கூடும். இடிமின்னல் வேளையில் வேலியைத் தொடலாகாது.

== இவற்றையும் பார்க்க ==

* ஓமின் விதி
* மின்வேலி
* ஒற்றைக்கம்பி நிலமீள் மின்வழங்கல்