மறைந்த மலையும் கொங்குக் கணவாயும்

மலைகள் எவ்வாறு நிலைநிறுத்தப்பட்டுள்ளன என்பதைச் சிந்திக்குமாறு திருமறையின் 88ஆம் அத்தியாயம் மனிதனை அழைக்கிறது. கொங்கு நாட்டில் வாழும் நமக்கு அவ்வழைப்பு மிக அண்மையானது. கோவைக்கு மேற்கே வடபால் நீலகிரியும் தென்பால் ஆனைமலையும் ஓங்கி நிற்க, இடையே மலையற்ற வாயில் ஒன்று திறந்து கிடக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய்.

நிலத்தட்டுகள் இரண்டு மோதும்போது இடைப்பட்ட பாறை அடுக்குகள் நெருக்குண்டு, இருபுறமும் தள்ளப்பட்ட பாயைப்போல் மடிந்து உயர்கின்றன. இவையே மடிப்பு மலைகள். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியதால் இமயம் எழுந்தது. கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் அதன் உயரங்களில் கிடைப்பது அதற்குச் சான்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலையோ அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்து சென்றபோது எஞ்சிய நிலவிளிம்பு, உயர்ந்தும் அரிப்புண்டும் மலையாய் நிற்கிறது.

எனினும் கொங்கு மண்ணுக்கும் மடிப்பு மலைக்கும் பழைய உறவுண்டு. பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கம்வரை பாறைகள் நசுங்கி நெளிந்த பட்டை ஒன்று ஓடுகிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பழங்கண்டங்கள் மோதி இணைந்தபோது அங்கே பெருமலை எழுந்தது என்றும், நாம் உழும் நிலத்தின் கீழ் இருப்பது தேய்ந்துபோன அதன் அடிவேரே என்றும் நிலவியலார் பலர் கருதுகின்றனர். நலிந்த அப்பட்டையை ஒட்டியே கணவாய் அமைந்துள்ளது.

இவ்வாயில் நம் வரலாற்றையே வகுத்தது. பதிற்றுப்பத்து கொடுமணம் எனக் கூறும் ஊராகக் கருதப்படுவது நொய்யற்கரைக் கொடுமணல். அங்கு 1985 முதல் நடந்த அகழாய்வுகள் மணி செய்யும் பட்டறைகளை வெளிப்படுத்தின. கோவை வட்டாரத்தில் கிடைத்த ரோம நாணயங்கள் மேலைக் கடல் வாணிகத்தை நினைவூட்டுகின்றன. 1766இல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை எழுப்பினார். 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதானபின் கோவைச் சீமை கும்பினியார் வசமாயிற்று. 1862இல் போத்தனூரை எட்டிய இருப்புப்பாதையும் இவ்வழியே மேலைக் கடற்கரையோடு இணைந்தது. கணவாயின் இருபுறமும் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள் வாழ்ந்து வருவதையும் நாம் அறிவோம்.

மலை வழிவிட்டது, மழையையோ மறித்தது. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை 3000 மில்லிமீட்டரை ஒட்டியது. கோவையிலோ ஏறத்தாழ 700தான். ஆகவே நம் முன்னோர் கிணறு தோண்டினர், பருத்தி விளைத்தனர். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின.

அந்த வளத்தின் விலையை நொய்யல் கொடுத்தது. வெள்ளியங்கிரியில் பிறக்கும் அவ்வாற்றின் நீரைத் தேக்கிப் பாசனம் செய்ய 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. ஆனால் திருப்பூர்ச் சாயக்கழிவே அதில் தேங்கியது. கரையோர வயல்கள் பாழாயின. 2011இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிடும் நிலை வந்தது.

மலையும் ஆறும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவானதை ஒரு தலைமுறைக்குள் கெடுத்தோம் என்ற பழி நம் மக்கள்மீது வாராதிருக்க, நம் பங்கைச் செய்வோமாக.